காசியம்மாளுக்கு ஒரு பழைய பல்லக்கு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக் கொடி பறந்த காலத்தில், ஏரிக்கு அக்கரையில் இருந்த மீனவக் குப்பத்துக்கு அவசரமாக ஒரு பல்லக்கு தேவைப்பட்டது. கூழுக்கே தாளம் போடுகிறவர்களுக்குப் பல்லக்கு ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். கோட்டையிலும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் மூன்று பிரதியில் கேட்டார்கள்.

காரணம் காசியம்மாள். ஏரியோரத்து ஐந்து குப்பங்களுக்கும் அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. இரண்டு வருஷத்துக்கு முன் கட்டுமரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு பிசகி, அன்றோடு நடை போயிற்று. கை இரண்டும் வாயும் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தன. உட்கார வைத்தால் எப்பேர்ப்பட்ட பிரசவத்தையும் பார்த்துவிடுவாள். கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் பாடு. ஆளோ கனத்த ஆள். மூங்கிலில் வலையைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, மணலில் முழங்கால் புதையப் புதைய நாலு பேர் தூக்கிப் போவார்கள்.

சிங்காரத்தின் மகள் வேலம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்ட அன்று அந்த வலை பாதி வழியில் அறுந்துவிட்டது. வேறு வலை தேடிக் கட்டி, காசியம்மாளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, மூச்சு இல்லை. "அர நாழி முன்னாடி வந்திருந்தா எடுத்திருப்பேன்டா சிங்காரம்" என்று காசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சிங்காரம் அழவில்லை. அறுந்த வலையைக் கொண்டுபோய்க் கடற்கரையில் போட்டுக் கொளுத்தினான்.

இப்போது வேலம்மாவுக்கு மறுபடி ஒன்பதாம் மாதம். காசியம்மாளை வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமே என்று சிங்காரத்தின் பெண்சாதி பச்சையம்மா சொல்லிப் பார்த்தாள். மற்ற நாலு குப்பத்திலும் அதுவரை பிள்ளை பிறக்காமலா இருக்கும்? எனவே பல்லக்குதான் வழி. வலை அறுந்த நாளிலிருந்து இரண்டு பருவத்து இறால் பிடிப்பில் ஒவ்வொரு கட்டுமரத்துக்காரனும் ஒரு பங்கு ஒதுக்கியதில் ஒன்பது வராகன் சேர்ந்திருந்தது. கோட்டையில் இரண்டு பழைய பல்லக்குகள் விலைக்கு இருப்பதாக அமாவாசைதோறும் தமுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டில் நல்லதைப் பார்த்து வாங்கிவரும் பொறுப்பு சிங்காரத்தின் தலையில் விழுந்தது. ஐந்து குப்பத்துக்கும் கட்டுமரத்துக்கு மரம் பொறுக்குகிறவன் அவன்தான். விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே புழு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான்.

மைத்துனன் நாகப்பனை அழைத்துக்கொண்டு தோணியேறிப் போனான். கோட்டைக் கிடங்கு வாசலில் துபாஷி சீனிவாசன் நின்றிருந்தார். துரைமார் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்லுகிற உத்தியோகம். துரை ஒரு சொல் சொன்னால் இவர் ஒன்பது சொல்வார். அதில் எட்டு இவருடையது.

"பார்க்க வந்தவரா, வாங்க வந்தவரா?" என்றார்.

"பாத்துட்டு வாங்கலாம்னு வந்தோம் சாமி."

"அப்படி ஒரு வகை இல்லை. பார்க்க வந்தவர் மேற்கு வாசல். வாங்க வந்தவர் கிழக்கு வாசல்."

சிங்காரமும் நாகப்பனும் மேற்கு வாசலில் நுழைந்து பார்த்தார்கள். பிறகு வெளியே வந்து, அகழியைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனார்கள். அங்கேயும் அதே சீனிவாசன் நின்றுகொண்டு, அவர்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி "வாருங்கள்" என்றார்.

முதல் பல்லக்கு கறுப்பு மரம். தந்தத்தில் கொடியும் பூவும் இழைத்து, தண்டின் இரண்டு முனையிலும் வெள்ளியில் சிங்க முகம் வைத்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் மெத்தை.

"பெரிய துரை ஏறியது. ஒரே கை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு மட்டுமே போனது. ஜெபக்கூடமும் அவர் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது" என்றார் சீனிவாசன்.

நாகப்பன் வாயைப் பிளந்தான். "மாமா, இத்தையே எடுத்துடு. சுண்ணாம்புக்குளத்துக்காரன் பாத்தான்னா வயிறு எரிஞ்சே பூடுவான்."

சிங்காரம் மெத்தையைத் தடவினான். அவனுக்கும் ஆசை வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் குடும்பஸ்தன். "நடைக்கு எவ்ளோ கஞ்சி குடிக்கும் சாமி?" என்று கேட்டான்.

"எட்டு ஆள் தூக்குகிற பல்லக்கு. திருப்பாலைவனம் போய்வர ஆளுக்கு மூன்று கலயம்."

"இருவத்தி நாலு கலயமா? குப்பமே பட்னி கெடக்கணுமே!"

இரண்டாவது ஏழைப் பல்லக்கு. கப்பல் கணக்கர் ஒருவர் வாங்கி, ஒரு வைத்தியர் கைக்கு வந்து, அவர் செத்தபின் அவர் சம்சாரம் ஏறியது. பிரம்பு இருக்கை, கிழிந்த திரை, பலாப்பலகையில் தொட்டி மாதிரி அடித்தட்டு, அதில் கனமாகக் குங்கிலியப் பூச்சு. நாலு ஆள் போதும். "சற்று வலது பக்கம் சாயும். அந்த அம்மாள் அந்தப் பக்கமாகவே சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்" என்று சீனிவாசன் நேர்மையாகச் சொன்னார்.

இரண்டுக்கும் விலை ஒன்பது வராகன்தான். அதெப்படி என்று சிங்காரம் கேட்டான். பல்லக்கு என்பது ஒரு பதவி, பதவிக்குள் ஏற்றத்தாழ்வு பார்த்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று சீனிவாசன் விளக்கினார். சிங்காரம் மடியை அவிழ்த்தான். அப்போதுதான் தரம் என்ற பேச்சு வந்தது. கிடங்குத் துரையிடம் அழைத்துப் போனார்கள்.

கிடங்குத் துரை சிவந்த முகமும் சாந்தமான கண்களும் உள்ளவர். கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் ஒரு கூடை நண்டோடு காரியம் முடிந்திருக்கும். அவர் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார், சீனிவாசன் தமிழாக்கினார்.

"முதல் தரத்து உத்தியோகஸ்தர் வெள்ளிப் பூண் போட்ட பல்லக்கில் போகலாம். இரண்டாம் தரத்தவர் பூண் இல்லாத பல்லக்கில் போகலாம். மூன்றாம் தரத்தவருக்குப் பல்லக்கு இல்லை. குடையும், பிடிக்க ஆளும் உண்டு. நாலாம் தரத்தவர் தம் குடையைத் தாமே பிடித்துக்கொள்ளலாம். ஐந்தாம் தரத்தவர் வெயிலில் நடக்கலாம்."

"நாங்க எத்தினியாவது தரம் சாமி?"

இதைச் சீனிவாசன் துரையிடம் கேட்கக்கூட இல்லை. "நீங்கள் தரத்தில் சேரவில்லை. நீங்கள் வெயிலில் நடப்பதற்கே எழுத்தில் அனுமதி கிடையாது. கோட்டை பெருந்தன்மையாகக் கண்டும் காணாமல் இருக்கிறது."

"அப்ப இத்த யாருதான் வாங்கலாம்?"

"முதல், இரண்டாம் தரத்தவர்."

"அவங்க ஏன் வாங்கல?"

"அவர்களுக்குக் கோட்டையே புதிதாகக் கொடுத்துவிடுகிறதே."

நாகப்பன் சிரித்துவிட்டான். துரை அவனை வருத்தத்தோடு பார்த்தார். "சிரிக்காதே, நண்பா. மூன்று வருஷமாக இந்த இரண்டு பல்லக்குகளையும் நாங்கள் விற்றுக்கொண்டிருக்கிறோம். விற்பனையை நடத்த நான் ஒருவன். ஒரு துபாஷி, ஒரு தமுக்குக்காரன், எண்ணெய் பூச ஒருவன், எண்ணெய் பூசியதைச் சரிபார்க்க ஒருவன், காவலர் ஆறு பேர். ஆக, பதினோரு குடும்பம் இந்த விற்பனையை நம்பிப் பிழைக்கிறது. திடீரென்று ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் இவர்கள் கதி என்ன என்று யோசித்தாயா?" என்றார்.

சிங்காரத்துக்குத் தலை சுற்றியது. கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "துரை, எம் பொண்ணுக்கு மாசம் ஒம்போது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அறுந்த வலையைச் சொன்னபோது குரல் உடைந்தது. துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார். கடைசியில் முகம் மலர்ந்தார்.

"வழி இருக்கிறது. பயணி பல்லக்கில் ஏறத்தான் தரம் வேண்டும். சரக்கு ஏறத் தரம் வேண்டாம். அந்த அம்மாளைச் சரக்கு என்று பதிந்துவிட்டால் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. கொண்டுவாருங்கள், நிறுத்துப் பார்க்க வேண்டும்."

அதற்கு முன் மனு எழுத மூன்று நாள், மனுவைப் படிக்க நாலு நாள், படித்த மனுவுக்கு முத்திரை மெழுகு உருக ஒரு நாள் போயிற்று. பச்சையம்மா தினமும் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இறங்கிக்கினே வருது. இன்னாதான்யா பண்றீங்க அங்க?" என்று சிங்காரத்தைப் பிடித்து உலுக்கினாள். இந்த எட்டு நாளில் பெண் கோட்டைக்குத் தெரியாமல் பத்தாம் மாதத்தில் நுழைந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை காசியம்மாளைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இறக்கிவிட்டதும் தோணி மிளகு ஏற்றப் போய்விட்டது. கிடங்கின் பெரிய தராசில் ஒரு தட்டில் அவளையும் மறு தட்டில் வெடியுப்பு மூட்டைகளையும் வைத்தார்கள். மூன்று மூட்டை வைத்தும் அவள் தட்டு தரையை விட்டு எழவில்லை.

"எடை சரி. தரம் நடுத்தரம். ஈரப்பதம் பார்க்க வேண்டும்" என்று சீனிவாசன் எழுதிக்கொண்டார்.

"இன்னாத்தடா பாப்ப?" என்றாள் காசியம்மாள். "பக்கத்துல வா, காட்றேன். இந்தக் கையாலதான்டா உன் ஊர்ல பாதிப் பேர வெளிய இழுத்துப் போட்டேன். நான் இன்னா மொளகு மூட்டையா?"

துரை என்னவென்று கேட்டார். சரக்கு சம்மதம் தெரிவிக்கிறது என்று சீனிவாசன் தமிழிலிருந்து ஆக்கிச் சொன்னார். ஒரு சேவகன் சுண்ணாம்புக் கட்டியோடு வந்து அவள் முதுகில் கோட்டை அடையாளத்தைப் போட்டான். போட்டவன் கன்னத்தில் அவள் அடையாளமும் விழுந்தது.

இனி பல்லக்கைத் தேர்ந்தெடுப்பது பாக்கி. துரை புத்தகத்தை எடுத்துப் படித்தார். துணி வியாபாரிகளுக்காக என்றோ எழுதிய விதி அது. வாங்குகிறவர் தம் குல வழக்கப்படி சரக்கைச் சோதிக்கலாம். சோதனை முடிந்தது என்று அவரே சொல்லும் வரை ஒருவரும் தடுக்கக் கூடாது, விலையும் கேட்கக் கூடாது. "உங்கள் வழக்கம் என்ன? தேய்த்துப் பார்ப்பீர்களா, நனைத்துப் பார்ப்பீர்களா?"

சிங்காரம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "தண்ணியில எறக்காத மரத்த எங்க குப்பத்துல எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான் துரை. ஏரியில போட்டுப் பாக்கணும்."

பல்லக்கை ஏரியில் போடுவதா என்று சீனிவாசன் பதறினார். துரை விதியை இன்னொரு முறை படித்தார். "குல வழக்கம் என்று இருக்கிறது. அறிவுள்ள வழக்கம் என்று இல்லை. போடட்டும்" என்றார்.

தமுக்கு முன்னே போக, ஆறு காவலர் துப்பாக்கியோடு பின்னே வர, இரண்டு பல்லக்குகளும் படித்துறைக்கு ஊர்வலமாகப் போயின. கரிமணல் ஊரிலிருந்துகூட ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சிங்காரம் ஏரியைக் கும்பிட்டு, இரண்டின் நெற்றியிலும் மஞ்சள் தடவி, தேங்காய் உடைத்தான். முதலில் தந்தப் பல்லக்கை இறக்கினார்கள். அது தண்ணீரில் கம்பீரமாக ஒரு நொடி உட்கார்ந்தது. வெல்வெட் மெத்தை மடக்மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது. வெள்ளிச் சிங்கங்களின் கனத்தில் முன்பக்கம் கவிழ்ந்து, பின்பக்கம் மேலே தூக்கி, பிறகு அதுவும் மெல்ல உள்ளே போயிற்று. மூன்று வருஷமாக அதைத் திருடரிடமிருந்து காத்த ஆறு பேரும் விறைப்பாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூழ்குவதைத் தடுக்க அவர்களுக்கு உத்தரவு இல்லை.

"நல்ல வேள, நாம இத்த எடுக்கல" என்றான் நாகப்பன்.

ஏழைப் பல்லக்கு மிதந்தது. வலது பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. சிங்காரம் அடித்தட்டைத் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, முதன்முதலாகச் சிரித்தான். "காசிக்கா, ஏறி ஒக்காரு. ஆள் ஏறாம மரத்தப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது."

காசியம்மாளை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். இடது பக்கமாக உட்கார்ந்தாள், பல்லக்கு நிமிர்ந்துகொண்டது. அந்த நேரம் ஏரி நடுவிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. பச்சையம்மா ஒரு கட்டுமரத்தில் எழுந்து நின்று துடுப்பை ஆட்டிக் கத்திக்கொண்டு வந்தாள். "யோவ்! வலி வந்துட்ச்சு! பனிக்கொடம் ஒடஞ்சுட்ச்சுய்யா! அக்காவ இட்டுக்கினு வாங்க!"

சிங்காரத்தின் முகம் வெளுத்தது. கரையில் தோணி இல்லை. இருப்பது பச்சையம்மாவின் மூன்று மரம் சேர்த்த கட்டுமரம். அதில் காசியம்மாள் ஏற முடியாது, ஏறவும் மாட்டாள். ஏரியைப் பார்த்தான். இறால் தடவிப் பிடிக்கும் கூட்டத்துக்கு அந்த ஏரியின் அடி உள்ளங்கை மாதிரி தெரியும். அக்கரை வரைக்கும் மார்பளவுதான். பல்லக்குத் தண்டின் ஒரு முனையில் அவனும் மறு முனையில் நாகப்பனும் தோளைக் கொடுத்தார்கள். கூட வந்த மற்ற இரண்டு பேர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார்கள். ஏரிக்குள் நடக்க ஆரம்பித்தார்கள். பல்லக்கு மிதந்துகொண்டு போயிற்று.

"நில்லுங்கள்! எங்கே போகிறீர்கள்?" என்று துரை படித்துறையிலிருந்து கத்தினார்.

"சோதன பண்றோம்!" என்றாள் காசியம்மாள்.

காவலர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். துரை அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தார். சோதனை முடியும் வரை தடுக்கக் கூடாது. அவர் கையைக் காட்டி, துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொன்னார். சட்டத்தை மீறி ஒருவரைச் சுடுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. சீனிவாசன் மட்டும் காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை வந்தார்.

"முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்! கையெழுத்தாவது போடுங்கள்!"

"முடியலப்பா, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம்!" என்று காசியம்மாள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

அக்கரை ஏறியதும் பல்லக்கைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மணலில் ஓடினார்கள். சிங்காரம் வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினான். அழுவது தெரிந்தால் வெட்கம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பல்லக்கை வாசலோடு நிறுத்தாமல் குடிசைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு பக்கத் தட்டி சரிந்தது. காசியம்மாள் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பார்த்தாள். குழந்தையின் கால்தான் முதலில் வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் வெளிய போங்கடா" என்றாள்.

வெளியே சிங்காரம் மணலில் குந்திக்கொண்டான். உள்ளே வேலம்மா அலறினாள். காசியம்மாள் அதைவிட உரக்கத் திட்டினாள். அப்புறம் சத்தமே இல்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட நேரத்தை அறிந்ததில்லை. பிறகு ஒரு சின்னக் குரல் வீறிட்டது. பெண் குழந்தை. "காலப் புட்ச்சித் திருப்பி எடுத்தேன்டா. ஓங் கொணந்தான் இருக்கும்போல, கத்துது பாரு" என்றாள் காசியம்மாள். சிங்காரம் அவள் காலில் விழுந்தான். அவள் முதுகிலே சுண்ணாம்பு அடையாளம் வியர்வையில் கரைந்து ஓடியிருந்தது.

மறுநாள் சீனிவாசன் வந்தார். "சோதனை முடிந்ததா?"

"தண்ணியில பாத்தாச்சு. மணல்ல பாத்தாச்சு. மழையில எப்பிடினு பாக்க வேணாமா?" என்றாள் காசியம்மாள். சிங்காரம் வராகனை எடுக்க மடியில் கை வைத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "விதிய மீறாதடா. சோதன முடியாம அவங்க வெலைய வாங்கக் கூடாது."

மழைக்காலம் முடிந்ததும் வந்தார். காற்றுக்காலம் பாக்கி என்றார்கள். காற்றுக்காலம் முடிந்து வந்தார். இரட்டைப் பிள்ளைப் பிரசவத்துக்குத் தாங்குமா என்று இன்னும் தெரியவில்லை என்றார்கள். சோதனை நடைபெறுகிறது என்று எழுதிக்கொண்டு போனார். கோட்டையில் இதனால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. பல்லக்கு விற்கவும் இல்லை, விற்காமலும் இல்லை. பதினோரு குடும்பமும் பிழைத்தன. மூன்று காவலர் காலி இடத்தையும், மூன்று காவலர் தந்தப் பல்லக்கு மூழ்கிய இடத்தையும் காத்தார்கள். சோதனையைக் கண்காணிக்கப் புதிதாக இரண்டு பேரை நியமித்தார்கள். கிடங்குத் துரைக்கு உத்தியோக உயர்வு வந்தது. ஒன்பது வராகன் பல்லக்குத் தூக்குகிறவர்களின் கஞ்சிக்கு ஆயிற்று.

ஆறாவது வருஷம் தை மாதம் சீனிவாசன் வழக்கம்போல வந்தார். ஆனால் காகிதத்தைப் பிரிக்கவில்லை. பல்லக்கில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த காசியம்மாள் எதிரில் தலைகுனிந்து நின்றார்.

"இன்னா சாமி, கேக்க மாட்டியா? நானே சொல்லிடலாம்னு இருக்கேன். ஆறு வருசம் ஆச்சு. சோதன முடிஞ்ச மாதிரிதான் தோணுது" என்றாள்.

"ஐயோ, முடிக்காதீங்கம்மா!" என்றார் அவர். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வந்தது அன்றுதான். "எம் பொண்டாட்டி செல்வம்மாளுக்கு மாசம் எட்டு. மொதல் ரெண்டும் தங்கல. கோட்டை வைத்தியர் ரெண்டாம் தரத்துக்குக் கீழ பாக்க மாட்டாராம். நான் நாலாம் தரம்."

காசியம்மாள் பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, வெற்றிலையை வெளியே துப்பினாள்.

"நாகப்பா! தோணிய எறக்கு. இவரு வூட்டு வழி எப்பிடிக் கீதுனு இன்னும் சோதிக்கல."

சீனிவாசன் முன்னால் ஓடிப்போய்ப் பல்லக்குத் தண்டுக்குத் தன் தோளைக் கொடுத்தார்.